நொட்டாங்கைக்காரங்களுக்கு எந்த ஸ்டிக், எந்த த்ராட்டில்? அக்கா சொல்றேன்

தம்பி, ஃப்ளைட் சிமுலேட்டருக்கு ஜாய்ஸ்டிக் வாங்கப் போறேன், நொட்டாங்கைக்கு எது சரியா வரும்னு கேட்டிருக்கே. மாடல் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். நீ ஓட்டப்போறது எந்த விமானம்? அது தெரியாம யார் எந்த லிஸ்ட் கொடுத்தாலும் வாங்கி மடிச்சு வெச்சுடு.

நிஜ விமானத்துல எந்தக் கையில எதைப் பிடிக்கணும்னு தீர்மானிக்கிறது பைலட்டோட கைப்பழக்கம் இல்ல, அவர் உக்கார்ற சீட். ஏர்பஸ் ஏ320 எடுத்துக்கோ. 1987-ல முதல்முறை பறந்த விமானம். பைலட்டுக்கு முன்னாடி இருந்த யோக்கை எடுத்துட்டு, சீட்டுக்கு ஓரத்துல ஒரு சின்ன சைட்ஸ்டிக் வெச்சாங்க. கேப்டன் உக்கார்றது இடது சீட்டுல. அவரோட ஸ்டிக் இடது ஓரம், த்ரஸ்ட் லீவர் ரெண்டு சீட்டுக்கும் நடுவுல. ஆக, இடது கையில ஸ்டிக், வலது கையில த்ரஸ்ட். பக்கத்துல இருக்கிற ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு அப்படியே தலைகீழ். போயிங் 737-ல யோக்தான், ஆனா கணக்கு அதேதான்: கேப்டனோட இடது கை யோக்குல, வலது கை லீவர்ல. ஃப்ளையிங் ஸ்கூல்ல செஸ்னா 172-ல பழகுற பையனும் இடது சீட்டுல உக்காந்து இடது கையாலதான் பிடிக்கிறான். அங்கெல்லாம் கையை மாத்திப் பழக வேண்டியது வலக்கைக்காரங்கதான்!

அதனால மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்லயோ எக்ஸ்-பிளேன்லயோ பயணிகள் விமானமும் சின்ன விமானமும் ஓட்டுறதுதான் உன் ஆசைன்னா, "இடக்கைக்காரர் செட்டப்"னு தனியா ஒண்ணும் தேட வேண்டாம். கேப்டன் செட்டப்னு தேடு. அது உன்னோடது.

போர் விமானம்னா கதை வேற. எஃப்-16-ல ஸ்டிக் வலது ஓரத்துல இருக்கு, த்ராட்டில் இடது பக்கம். மத்த போர் விமானங்கள்ல ஸ்டிக் நடுவுல இருந்தாலும் த்ராட்டில் இடது பக்கச் சுவரோட ஒட்டித்தான் இருக்கும், அதனால ஸ்டிக் வலது கைக்குப் போயிடுது. ஆரம்பகால ஸ்பிட்ஃபயர்ல ஒரு வேடிக்கை: சக்கரத்தை உள்ளே இழுக்கிற கைப்பம்பு வலது பக்கம் இருந்துச்சு. தரையை விட்டு எழும்பின உடனே பைலட் த்ராட்டிலை விட்டுட்டு, ஸ்டிக்கை இடது கைக்கு மாத்திக்கிட்டு, வலது கையால பம்ப் அடிக்கணும். பழகாதவங்க பம்ப் அடிக்கிற வேகத்துல ஸ்டிக்கையும் சேர்த்து ஆட்ட, விமானம் மூக்கை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே போகுமாம். ஹெலிகாப்டர்லயோ எந்தச் சீட்டுல உக்காந்தாலும் வலது கையில சைக்ளிக், இடது கையில கலெக்டிவ்.

மவுஸ் எந்தக் கையில?

இதை யாரும் கேக்கறதில்ல, ஆனா எனக்கு இதுதான் முக்கியமாத் தோணுது. எழுதறது இடது கை, சாப்பிடறதும் அம்மா கண்ணு படாதப்ப இடது கை, ஆனா மவுஸ் மட்டும் வலது கை: ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல வளர்ந்த நம்மளை மாதிரி நொட்டாங்கைக்காரங்க நிறையப் பேர் இப்படித்தான். சிமுலேட்டர்ல இது பெரிய வரம். ஏர்லைனர் காக்பிட்ல பாதி வேலை மவுஸால குமிழைத் திருகறதுதான். உயரம் செட் பண்ணணும், ரேடியோ மாத்தணும், ஆட்டோபைலட் போடணும். வலக்கைக்காரன் ஸ்டிக்கை விட்டுட்டுத்தான் மவுஸைத் தொடுவான். நீ இடது கையில ஸ்டிக்கைப் பிடிச்சபடியே வலது கையால எல்லாத்தையும் திருகலாம்.

மவுஸும் உனக்கு இடது கைதான்னா இந்த லாபம் கிடையாது. அப்ப ஸ்டிக்கை வலது கைக்குக் கொடுத்துப் பார்க்கிறதுல தப்பே இல்ல. ஸ்டிக்ல நுணுக்கமான அசைவு வேணும்கிறது உண்மைதான், ஆனா அது பேனா பிடிக்கிற நுணுக்கம் இல்ல. கொஞ்ச நாள்ல கை பிடிபட்டுடும்.

ஸ்டிக்

கடையில எங்க பார்த்தாலும் கண்ணுல படுறது லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ. விலை குறைவு, உழைக்கும். ஆனா அதோட பிடி வலது உள்ளங்கைக்குன்னே வளைச்சது. இடது கையால பிடிச்சா கட்டைவிரல் போற இடத்துல ஒண்ணும் இருக்காது. மலிவா கிடைக்குதேன்னு வாங்கிடாதே. த்ரஸ்ட்மாஸ்டர் வார்ட்ஹாக், லாஜிடெக் எக்ஸ்52, எக்ஸ்56 எல்லாமே வலது கை வார்ப்புதான்.

படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். ஸ்டிக்கோட முன்பக்கப் படத்தை எடுத்து, நடுவுல ஒரு கோடு போட்ட மாதிரி நினைச்சுக்கோ. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா எந்தக் கைக்கும் ஆகும். கை தாங்குற மேடு ஒரு பக்கம் மட்டும் துருத்திக்கிட்டு இருந்தா அது ஒரு கைக்குத்தான்.

முதல் ஸ்டிக்குக்கு நான் சொல்றது த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம். பிடியில மூணு துண்டுகளைக் கழட்டி, பெட்டியிலயே வர்ற இடது கைத் துண்டுகளைப் போட்டுக்கலாம். உள்ளே காந்த சென்சார், தேய்மானம் இல்லாததால ஸ்டிக்கோட நடுப்புள்ளி சீக்கிரம் தள்ளாட ஆரம்பிக்காது. அடிப்பலகையில இடது பக்கம் ஆறு, வலது பக்கம் ஆறுன்னு பட்டன். இடது கை ஸ்டிக்ல இருக்க, வலது கை இந்தப் பட்டன்களுக்குப் போகலாம். அடியிலயே சின்னதா ஒரு த்ராட்டில் ஸ்லைடரும் இருக்கு, தனி த்ராட்டில் வாங்குற வரைக்கும் அதுவே போதும். அதே உடம்பை ஏர்பஸ் வேஷத்துல விக்கிறதுதான் டிசிஏ சைட்ஸ்டிக். ஏ320 மட்டும்தான் ஓட்டுவேன்னா இதை வாங்கு. எக்ஸ்பாக்ஸ்ல விளையாடறவங்களுக்கு டர்ட்டில் பீச் வெலாசிட்டிஒன் ஃப்ளைட்ஸ்டிக் இருக்கு, அதுவும் ரெண்டு கைக்கும் பொருந்துற மாதிரி செஞ்சதுதான்.

இதுக்கு மேல செலவு பண்ண மனசிருந்தா, இடது கைக்குன்னே வார்த்த ஸ்டிக் உண்டு. விகேபி கிளாடியேட்டர் என்எக்ஸ்டி ஈவோ இடது, வலதுன்னு தனித்தனியா வருது. விர்பிலோட கான்ஸ்டெலேஷன் ஆல்ஃபாவும் அப்படித்தான். ஏர்பஸ் பாணியில வின்விங் உர்சா மைனர் ஸ்டிக்கும் ரெண்டு கைக்கும் தனித்தனி. பிடிச்சுப் பார்த்தா வித்தியாசம் நல்லாவே தெரியும், கட்டைவிரல் தானா பட்டன் மேல போய் உக்காரும். ஆனா வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா சுங்க வரி, கூரியர் செலவு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடு. பெட்டி மேல இடதுன்னு இருக்கான்னு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ரெண்டு தரம் பாரு. வழக்கமா முதல்ல தெரியற படம் வலது கை மாடலோடதாத்தான் இருக்கும்.

த்ராட்டில்லதான் ஏமாறுவோம்

ஸ்டிக் இடது கைக்குக் கிடைச்சுடும். வலது கைக்கு த்ராட்டில் கிடைக்கிறதுதான் கஷ்டம்.

காரணம் சிம்பிள். போர் விமான த்ராட்டில் எல்லாம் இடது கைக்கு வார்த்தது. வார்ட்ஹாக் த்ராட்டில், வின்விங் ஓரியன், த்ரஸ்ட்மாஸ்டர் டிடபிள்யூசிஎஸ், எதை எடுத்தாலும் பட்டன் எல்லாம் இடது கட்டைவிரல் வர்ற பக்கம். வலது கையால பிடிச்சா அத்தனையும் சுண்டுவிரல் பக்கம் போயிடும். இதுல ஒரு பொறி இருக்கு: டி.16000எம் ஸ்டிக்கும் டிடபிள்யூசிஎஸ் த்ராட்டிலும் சேர்ந்த பேக் கிடைக்கும், சேர்த்து வாங்கினா மிச்சம்னு தோணும். இடது கைக்கு ஸ்டிக் வேணும்னா அந்தப் பேக்கைத் தொடாதே. ஸ்டிக்கைத் தனியா வாங்கு.

வலது கைக்கு வேண்டியது குவாட்ரன்ட். பட்டன் பிதுங்காத, வெறும் லீவர் நிக்கிற பெட்டி. த்ரஸ்ட்மாஸ்டர் டிசிஏ குவாட்ரன்ட்ல ரெண்டு லீவர், ஏர்பஸ்ல இருக்கிற மாதிரி ஒவ்வொரு நிலையிலயும் டக்குனு நிக்கும். லாஜிடெக் குவாட்ரன்ட்ல மூணு லீவர், செஸ்னா மாதிரி சின்ன விமானத்துக்குத் தாராளம். ஹனிகோம்ப் பிராவோ பெருசு. ஆறு லீவர், ஆட்டோபைலட் பலகை, எல்லாம் சேர்ந்தே வரும். இது மூணுக்கும் இடதும் ஒண்ணுதான், வலதும் ஒண்ணுதான். டிசிஏ சைட்ஸ்டிக்கும் குவாட்ரன்ட்டும் சேர்ந்த ஆபீசர் பேக் மட்டும் நீ தாராளமா சேர்த்தே வாங்கலாம்.

டிசிஎஸ் மாதிரி போர் விமான சிமுலேட்டர்னா என் கருத்து கொஞ்சம் கறார். ரேடார், ஆயுதம், ஃப்ளேர் எல்லாம் கையை எடுக்காம அமுக்கணும். குவாட்ரன்ட்ல அதுக்குப் பட்டன் போதாது. அதனால காசு போடறதுக்கு முன்னாடி ஃப்ரெண்டோட வலது கை ஸ்டிக்கை இரவல் வாங்கி சில வாரம் ஓட்டிப் பாரு. டிசிஎஸ்ல சு-25டி, டிஎஃப்-51டி ரெண்டும் இலவசமாவே வருது, அதுல பழகலாம். நிஜ விமானப்படையில இடக்கைப் பழக்கம் இருக்கிற பைலட்டும் வலது கையாலதான் பிடிக்கிறார், ஏன்னா அங்க வேற ஸ்டிக்கே கிடையாது. வலது கை ஒத்து வந்துட்டா உலகத்துல இருக்கிற எல்லா த்ராட்டிலும் உனக்குத் திறந்துடும். ஒத்து வரலையா, அப்ப இடது கை ஸ்டிக், குவாட்ரன்ட், கூடவே பக்கத்துல ஒரு சின்ன பட்டன் பெட்டி.

எலைட் டேஞ்சரஸ், ஸ்டார் சிட்டிசன் மாதிரி விண்வெளி விளையாட்டுன்னா இந்தத் தலைவலியே கிடையாது. ரெண்டு கையிலயும் ஆளுக்கொரு ஸ்டிக். டி.16000எம்மையே ஜோடியாவும் விக்கிறாங்க. எந்த ஸ்டிக் திருப்பணும், எந்த ஸ்டிக் பக்கவாட்டுல நகர்த்தணும்னு செட்டிங்ஸ்ல நீயே மாத்திக்கலாம்.

முறுக்கு, பெடல்

ஸ்டிக்கை முறுக்கினா ரடர் திரும்பும். மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் மடிக்கிறது சுலபம், புறங்கைப் பக்கம் விரிக்கிறதுல பலம் குறைவு. வலது கைக்கு இடது ரடர் சுலபமா வரும், இடது கைக்கு வலது ரடர். செஸ்னா மாதிரி ஒத்தை எஞ்சின் விமானம் டேக்ஆஃப்ல மூக்கை இடது பக்கம் இழுக்கும், வலது ரடரை விடாம கொடுத்துக்கிட்டே இருக்கணும். அதாவது நமக்கு வாட்டமான பக்கம். மெர்லின் எஞ்சின் ஸ்பிட்ஃபயரும் இடது பக்கம்தான் இழுக்கும். பின்னாடி வந்த கிரிஃபான் எஞ்சின் ஸ்பிட்ஃபயர் எதிர்ப்பக்கம் இழுத்துத் தொல்லை பண்ணும்.

கையில காசு மிஞ்சினா பெடல் வாங்கு. காலுக்கு இந்த இடது வலது வம்பு இல்ல, மணிக்கட்டுக்கும் ஓய்வு.

மேஜை

நம்ம வீட்டு மேஜை எல்லாம் எழுதற உயரம். அது மேல ஸ்டிக்கை வெச்சா தோள் தூக்கிக்கும், ஒரு மணி நேரத்துல கழுத்து வலி. முழங்கை ஒரு எல் மாதிரி மடங்கி, முன்னங்கை எதாவது ஒண்ணு மேல சாஞ்சிருக்கணும். ஏர்பஸ்ல கேப்டனுக்குக் கை சாய்க்கன்னே தனி ஆர்ம்ரெஸ்ட் இருக்கு. உன் நாற்காலிக் கையோட உயரத்துக்கு ஒரு சின்ன ஸ்டூலைப் போட்டு, அதுல ஸ்டிக்கை வை. டி.16000எம் எடை கம்மி, இழுக்கிற வேகத்துல நகரும். அடியில வெல்க்ரோ ஒட்டு, இல்லேன்னா கிளாம்ப் போட்டு இறுக்கு.

வலது பக்கம்தான் நெருக்கடி, த்ராட்டிலும் மவுஸும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். த்ராட்டிலைக் கீபோர்டை ஒட்டி உள்பக்கமா வை, மவுஸை அதுக்கு வெளிப்பக்கம். தரையிறங்கும்போது கை த்ராட்டில்லயே இருக்கணும், மவுஸ் அப்ப தேவைப்படாது. கீபோர்டைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிக்கோ.

செட்டிங்ஸ்

ரெடிமேடாக் கிடைக்கிற பட்டன் புரொஃபைல் எல்லாம் வலது கைக்குப் போட்டது. அதை அப்படியே ஏத்திக்காம, காலியா ஒண்ணு ஆரம்பிச்சு நீயே போடு. கட்டைவிரல் தொப்பி பட்டன்ல பார்வை, ட்ரிக்கர்ல பிரேக்கோ துப்பாக்கியோ, அடிக்கடி தொடற ட்ரிம் கட்டைவிரல் எட்டுற இடத்துல. சக்கரம், ஃபிளாப் எல்லாம் வலது கை போற அடிப்பலகைப் பட்டன்ல. ஸ்டிக் ரொம்பத் துடிப்பா இருந்தா கர்வைக் கொஞ்சம் ஏத்து. டெட்ஸோனை மட்டும் கூட்டாதே, காந்த சென்சாருக்கு அது தேவைப்படாது.

பார்சல் வந்த அன்னைக்கே பிரிச்சு மாட்டிடு. விண்டோஸ் தேடல்ல கேம் கன்ட்ரோலர்னு தட்டினா சோதனைப் பக்கம் வரும். ஸ்டிக்கை விட்டதும் புள்ளி நடுவுக்கு வருதா, முறுக்கும் த்ராட்டிலும் ரெண்டு முனை வரைக்கும் போகுதா, ஒவ்வொரு பட்டனும் எரியுதான்னு பாரு. இதெல்லாம் இடது கைத் துண்டுகளை மாட்டின பிறகு பண்ணு, முன்னாடி இல்ல. திருப்பிக் கொடுக்கிற தேதி முடியற வரைக்கும் பெட்டியையும் கழட்டின வலது கைத் துண்டுகளையும் தூக்கிப் போட்டுடாதே. அம்மாகிட்டயும் சொல்லி வை, காலிப் பெட்டியைப் பார்த்தா பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடுவாங்க.