மொரீசியசுத் தீவை எங்கிருந்து பார்ப்பது?

மொரீசியசு என்றதும் நம் மாணவர் பலர்க்கு நினைவுக்கு வருவன கரும்பும் கடற்கரையும்தாம். அங்குச் செல்லும் பயணிகளிலும் பலர் கடற்கரை விடுதியில் தங்கி, அப்படியே திரும்பி விடுகின்றனர். புவியியல் கற்பிப்பவன் என்ற முறையில் நான் சொல்லும் வழி வேறு. முதலில் தீவின் நடுவேயுள்ள மேட்டு நிலத்தில் ஏறி நின்று, அங்கிருந்து கரையை நோக்க வேண்டும்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கி.மீ. தொலைவில், தென் அட்சம் 20 பாகையை ஒட்டி இத்தீவு உள்ளது. பரப்பு சுமார் 1,865 ச.கி.மீ. எரிமலை கக்கிய பாறைக் குழம்பால் கடலினின்று எழுந்த நிலம் இது. பழைய எரிமலை வாயின் விளிம்பு சிதைந்து நின்ற எச்சங்களே இன்றைய மோக்கா, கிராண்ட் போர்ட், பிளாக் ரிவர் மலைகள். மிக உயர்ந்த சிகரம் 828 மீட்டர்தான். நம் தொட்டபெட்டாவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் தீவின் வாழ்வை இந்தச் சிறு உயரமே தீர்மானிக்கிறது.

எவ்வாறெனில், தென்கிழக்கு வியாபாரக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து, மேட்டில் ஏறிக் குளிர்ந்து மழையாகிறது. கியூர்பிப் நகரை அடுத்த மேட்டில் ஆண்டுக்கு 4,000 மி.மீ. வரை மழை பெய்ய, நேர்த்தூரத்தில் 20 கி.மீ. அளவே தள்ளியுள்ள மேற்குக் கரையில் 900 மி.மீ. அளவே பெய்கிறது. மழை மறைவுப் பகுதி பற்றிப் படித்தவர்க்கு இது புதிதன்று. நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான மார் ஓ வாகோவா இம்மேட்டில்தான் உள்ளது. மேட்டில் மழை பொய்த்தால் கரையோரக் குழாயிலும் நீர் குறையும். 1866-68இல் போர்ட் லூயிசில் மலேரியா கொள்ளை நோயாகப் பரவியபோது, மக்கள் தப்பியோடிக் குடியேறியதும் இங்கேதான்.

வடக்கே தாழ்ந்த சமவெளியில் கரும்பு வயல்கள். வயல்களின் நடுவே கருங்கல் குவியல்கள் கோபுரம் போல் நிற்கும். அவை கோயில்கள் அல்ல. பயிரிடுவதற்காக நிலத்திலிருந்து பொறுக்கி அடுக்கிய எரிமலைக் கற்கள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோருள் தமிழரும் உண்டு. அதற்கு முன்பே, பிரெஞ்சு ஆட்சியில், புதுச்சேரிக் கைவினைஞர் துறைமுக நகரைக் கட்டச் சென்றிருந்தனர். அந்நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தைக் காணலாம். 1998இல் தமிழைக் கீழிறக்கி அச்சிட்ட தாள்கள், தமிழர் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டன.

இனிக் கரைக்கு இறங்குவோம். தீவைச் சூழ்ந்த பவளத்திட்டில் அலை உடைந்து விடுவதால் உள்ளே நீர் அமைதியாக இருக்கிறது. தெற்கே சுயாக் அருகே திட்டு இல்லை. அங்கே நீராடுவது ஆபத்து. தென்கிழக்கில் 2020 ஜூலையில் வக்காஷியோ என்னும் கப்பல் திட்டின்மேல் ஏறியது. அடுத்த மாதம் சுமார் 1,000 டன் எண்ணெய் கசிந்தது. ஊர் மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்து, மிதவைகளாக்கி எண்ணெயைத் தடுக்க முயன்றனர். அந்நாட்டைப் பற்றி நான் படித்தவற்றுள் என்னை மிகவும் தொட்ட செய்தி இதுவே.

நாடு இந்த ஒரு தீவோடு முடிவதில்லை. கிழக்கே 560 கி.மீ. தொலைவில் ரோட்ரிக்ஸ், 2002 முதல் தன்னாட்சி பெற்றது. வடக்கே அகலேகா. 1965இல் பிரிட்டன் பிரித்தெடுத்த சாகோஸ் தீவுகள் பற்றி 2019இல் பன்னாட்டு நீதிமன்றம் மொரீசியசுக்குச் சாதகமாகக் கருத்துரைத்தது.

செல்வோர் ஒன்றை நினைவிற் கொள்க. தென்கோளமாதலால் அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் புயற்காலம். எம்மாதம் சென்றாலும் கியூர்பிப் ஏறுமுன் ஒரு குடையும் ஒரு கம்பளிச் சட்டையும் எடுத்துக் கொள்க.