சட்டகம் எண்ணி நறுக்குதல்

எழுத்தெண்ணிப் படித்தலை நம் முன்னோர் பெருங்கல்வியெனப் போற்றினர். சட்டகம் எண்ணி நறுக்குதல் இக்காலத்தார் கற்கவேண்டிய சிறு கலை. விழாக்களையும் பெரியோர் உரைகளையும் கைத்தொலைபேசியிற் பதிந்து பேணும் பழைய மாணவர்க்கும் இளைய மாணவர்க்கும் பயன்படுமென்று கருதி இதனை வரைகின்றேன்.

யான் செய்த பிழையிலிருந்தே தொடங்குகின்றேன். உடப்புசல்லாவையில் ஒரு பாடசாலை விழா. கொழுந்து பறித்துத் தம் மக்களைப் படிப்பித்த மூதாட்டி ஒருவரின் பேச்சைப் பதிந்து, விழாவிற் காட்டுதற்கு யானே நறுக்கினேன். "எம் புள்ளைங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்த இந்தப் பள்ளிக்கூடத்த நான் மறந்துட்டேன்" என்றவர், தொண்டை அடைக்கச் சற்றே நின்று, "அப்படின்னு நெனச்சிராதீங்க சேர்" என்று முடித்திருந்தார். இடையில் நின்ற மௌனத்தை முடிவென மயங்கி, அவ்விடத்தே வெட்டிவிட்டேன். மண்டபம் சிரித்தது. முன்வரிசையிலிருந்த அம்மூதாட்டி தலைகுனிந்தார்.

வினையை இறுதியில் நிறுத்துவது தமிழின் இயல்பு. உடன்பாடா எதிர்மறையா என்பது பெரும்பாலும் அவ்விறுதியிலேயே தெளிவாகும். ஆதலின் தமிழ்ப் பேச்சை நறுக்குவோன் முடிவெல்லையில் இருமடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும்.

காணொளி என்பது நின்ற படங்களின் நிரலேயாம். அவற்றுள் ஒவ்வொன்றும் பிரேம் எனப்படும் சட்டகம். திரைப்படத்தில் வினாடிக்கு 24 சட்டகங்கள்; 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது கைக்கொண்ட பால் முறையில் 25; கைத்தொலைபேசிகளிற் பெரும்பாலும் 30. வினாடிக்கு 25 எனின், ஒரு சட்டகம் 40 மில்லிவினாடி. நம் இலக்கண நூலார் கண்ணிமைப் பொழுதை ஒரு மாத்திரை என்றனர். மெய்யெழுத்துக்கு அதிற் பாதி. கண் ஒருமுறை இமைப்பதற்குள் இரண்டு மூன்று சட்டகங்களேனும் கடந்துவிடும். சொல்லின் ஈற்று மெய் ஓரிரு சட்டகங்களில் அடங்கிவிடவும் கூடும். ஆகவே, ஓடும் படத்தை நிறுத்தி, சட்டகம் சட்டகமாக நகர்த்தியே எல்லை குறிக்க வேண்டும்.

இனிக் கவனிக்க வேண்டியன மூன்று.

முதலாவது, எண்ணிக்கை. 100ஆம் சட்டகம் முதல் 149ஆம் சட்டகம் ஈறாக எத்தனை? கழித்தால் 49, எண்ணினால் 50. சில செயலிகள் முடிவெனக் குறித்த சட்டகத்தையும் சேர்க்கும். சில அதற்கு முன்னதோடு நிறுத்தும். நம் செயலி எவ்வகையினது என்பதைச் சிறு துண்டொன்றை வெட்டிச் சோதித்தறிக.

இரண்டாவது, முழுச்சட்டகம். இடத்தைச் சுருக்குதற்பொருட்டு, காணொளிக் கோப்பு எல்லாச் சட்டகங்களையும் முழுமையாக வைத்திருப்பதில்லை. கீஃபிரேம் எனப்படுவது மட்டுமே முழுப்படம். ஏனையவை பிற சட்டகங்களினின்றும் வேறுபட்டவற்றை மட்டும் தாங்குவன. மறுகுறியாக்கம் செய்யாமல் விரைந்து வெட்டும் செயலி, நாம் குறித்த இடத்தை விட்டு அருகிலுள்ள கீஃபிரேமிலே தொடங்கிவிடும். அன்றேல் தொடக்கத்திற் படம் உறைந்துநிற்க, ஒலி மட்டும் வரும். துல்லியம் வேண்டுவோர் சற்று நேரமானாலும் மறுகுறியாக்கத்துடன் வெட்டுக.

மூன்றாவது, ஒலி. வாய் மூடியதைக் கண்டு பேச்சு முடிந்ததெனக் கொள்ளற்க. ஒலியலைக் கோட்டைப் பார்த்து, அடுத்த வாக்கியத்தையும் கேட்டபின்னரே முடிவு குறிக்க. முதற்சொல்லுக்கு முன்னும் கடைச்சொல்லுக்குப் பின்னும் ஒரு மூச்சளவு இடம் விடுக.

ரேகாவ (1956) படத்தைத் தொகுத்த டைட்டஸ் தொட்டவத்தவும், படத்தொகுப்பில் தொழில் பயின்று இயக்குநரான பீம்சிங்கும், படச்சுருளைக் கையிற்பிடித்து வெட்டிய தலைமுறையினர். நமக்கோ வெட்டியதை மீட்கும் வசதியுண்டு; ஆயினும் மூலக்கோப்பை அழித்தார்க்கு அவ்வசதி இல்லை. பிரதியிலேயே கைவைக்க.

யான் மூலத்தை அழியாது வைத்திருந்தமை நற்பேறாயிற்று. மறுவாரம் முழுப்பேச்சையும் செம்மையாக நறுக்கி, அம்மூதாட்டியின் லயத்துக்கே கொண்டுசென்று, பிழை பொறுக்குமாறு வேண்டிக் காட்டினேன். இறுதிவரை பார்த்தவர், "இதத்தான் சேர் நான் சொன்னேன்" என்றார். பிறர் சொல்லை நறுக்கும் உரிமை, அதனை முழுதும் கேட்டவர்க்கே உண்டு.