மக்ஹென்றிக் கோட்டையின் இரு கொடிகள்

அறிமுகம்
படைத்தளமொன்றின் கொடி வெறும் அலங்காரமன்று. தந்தியும் வானொலியும் தோன்றுமுன், கோட்டை யார் வசம் உள்ளது என்பதைத் தொலைவில் உள்ளோர் கொடியைப் பார்த்தே அறிந்தனர். எனவே கொடி காற்றையும் மழையையும் தாங்குவது படைத் தேவையாக இருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் பல்ரிமோர் துறைமுகத்தைக் காத்த மக்ஹென்றிக் கோட்டை இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

1. கொடிகள் தயாரிக்கப்படல்
1812 இல் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே யுத்தம் மூண்டது. 1813 இல் மேஜர் ஜோர்ஜ் ஆமிஸ்டெட் தளபதியாக இருந்த இக்கோட்டைக்கு, மேரி பிக்கர்ஸ்கில் என்ற பெண்மணி இரு கொடிகளைத் தைத்துக் கொடுத்தார். மகளும் உறவுப் பெண்களும், கிரேஸ் விஷர் என்ற ஆபிரிக்க அமெரிக்கப் பணிப்பெண்ணும் அவருக்கு உதவினர்.

(அ) பெருங்கொடி: 30 × 42 அடி, விலை 405.90 டொலர்.
(ஆ) புயற்கொடி: 17 × 25 அடி, விலை 168.54 டொலர்.

2. இரு கொடிகள் ஏன்?
பெருங்கொடி மெல்லிய கம்பளித் துணியாலானது. அதன் வெண்ணிற நட்சத்திரங்கள் பருத்தியாலானவை. ஐதாக நெய்த கம்பளி இலேசான காற்றிலும் விரிந்து பறக்கும். ஆனால் இத்துணை பெரிய கொடி மழையில் நனைந்தால் பாரம் கூடிக் கிழியலாம், கம்பத்துக்கும் ஆபத்து. ஆகவே மோசமான காலநிலையில் சிறிய கொடி ஏற்றப்பட்டது.

3. 1814 செப்டெம்பர்
ஓகஸ்ட் மாதம் வோஷிங்டன் நகரை எரித்த பிரித்தானியப் படை, செப்டெம்பர் 13 இல் கோட்டை மீது குண்டுமாரி பொழிந்தது. தாக்குதல் ஏறத்தாழ 25 மணித்தியாலம் நீடித்தது. 14 ஆந் திகதி காலையில் கொடி பறப்பதைக் கண்ட பிரான்சிஸ் ஸ்கொட் கீ, கோட்டை வீழவில்லை என அறிந்து கவிதையொன்றை எழுதினார். அது 1931 இல் தேசிய கீதமாக்கப்பட்டது. இரவு மழையில் புயற்கொடி பறந்ததெனவும், காலையில் பெருங்கொடி ஏற்றப்பட்டதெனவும் ஆய்வாளர் கருதுவர்.

4. கொடிக்கு நேர்ந்த சேதம்
கொடியை வைத்திருந்த ஆமிஸ்டெட் குடும்பத்தினர் அதன் துண்டுகளை வெட்டி நினைவுப் பொருளாக வழங்கினர். இதனால் 42 அடி நீளம் 34 அடியாகக் குறைந்தது. நட்சத்திரமொன்றும் இல்லாமற் போயிற்று. குண்டுத் தாக்குதலைக் கண்ட கொடியைச் சிதைத்ததில் மக்களின் பற்றுக்கும் பங்குண்டு என்பது கவனிக்கத்தக்கது. 1912 இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட அக்கொடி, 2008 முதல் மங்கிய ஒளியுள்ள அறையில் பேணப்படுகின்றது.

5. பிற்காலக் கொடிகள்
அமெரிக்கத் தரைப்படை பெருங்கொடி, புயற்கொடி என்ற பாகுபாட்டைப் பின்னரும் கைக்கொண்டது. இன்று வெளியிடக் கொடிகளுக்கு நைலோன், பொலியெஸ்டர் என்பன பயன்படுகின்றன. நைலோன் இலேசானது, விரைவில் உலரும்; பொலியெஸ்டர் பலத்த காற்றுக்கு ஏற்றது. கம்பத்துக்கு எதிர்ப்புற விளிம்பே முதலில் நைந்து போவதால், அவ்விளிம்பு பல வரிசைத் தையலால் பலப்படுத்தப்படும்.

மாதிரி வினா
புயற்கொடியின் அவசியத்தை இரு காரணங்கள் தந்து விளக்குக.
விடை: (i) நனைந்த பெருங்கொடி பாரமாகிக் கிழிவதையும் கம்பம் சேதமடைவதையும் தவிர்த்தல். (ii) மோசமான காலநிலையிலும் கோட்டை வீழவில்லை என்பதைத் தொடர்ந்து அறிவித்தல்.