ஸ்பின்னிங் ரீலில் தூண்டில் நரம்பு சிக்காமல் வீச…

● ஸ்பூலை (நரம்பு சுற்றும் உருளையை) விளிம்புவரை நிரப்பாதீர்கள். விளிம்புக்குக் கீழே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். அளவு மீறினால் வீசும்போது பல சுற்றுகள் ஒன்றாகக் கழன்று முடிச்சாகும்.

● புது நரம்பு ஏற்றும்போது, ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்ந்த சுற்றுகளே சிக்கலின் தொடக்கம்.

● தூண்டில் தண்ணீரைத் தொடும் முன், ஸ்பூல் விளிம்பில் விரலை லேசாக வைத்து நரம்பின் ஓட்டத்தைக் குறையுங்கள். மிஞ்சிய நரம்பு காற்றில் தொய்ந்து வளையாது.

● தூண்டில் விழுந்ததும் பெயில் கம்பியை (நரம்பை ஸ்பூலில் சுற்ற வழிகாட்டும் வளைகம்பியை) கையாலேயே மூடுங்கள். தொய்வு இருந்தால் நரம்பைக் கையால் இழுத்து இறுக்கிய பிறகே கைப்பிடியைச் சுற்றுங்கள். இந்த ஒரு பழக்கமே பெரும்பாலான சிக்கல்களைத் தவிர்க்கும்.

● பெரிய மீன் இழுத்து, டிராக் (ஸ்பூலின் பிரேக்) நழுவி நரம்பு வெளியே போகும்போது கைப்பிடியைச் சுற்றக் கூடாது. 5:1 கியர் விகித ரீலில் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஐந்து முறுக்கு ஏறும்.

● சுழலும் ஸ்பின்னர், ஸ்பூன் வகைகளுக்கு முன்னால் நல்ல சுவிவல் (சுழலும் இணைப்பு) கட்டுங்கள்.

● முறுக்கு ஏறிவிட்டதா? முனையில் எதையும் கட்டாமல், மெதுவாகப் போகும் படகின் பின்னே நரம்பை நீளமாக விட்டு இழுத்தால் முறுக்கு பிரியும்.

● அவிழாத நரம்பை வெட்டினால் கரையில் வீசாதீர்கள். பறவைகளும் ஆமைகளும் அதில் சிக்கி உயிரிழக்கின்றன. சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்து குப்பையில் சேருங்கள்.