பேசிக் குறிப்பெடுக்கத் தொடங்கும் இளையவர்களுக்கு

நடந்துகொண்டோ சமைத்துக்கொண்டோ செல்பேசியிடம் பேசி, அந்தப் பேச்சை ஏஐயிடம் கொடுத்துக் குறிப்பாக்கிக்கொள்கிறீர்கள். நல்ல பழக்கம், விடாதீர்கள். சொல்லி எழுதவைப்பது புதிதும் அல்ல. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லச் சொல்ல, மாணவர்கள்தான் ஏட்டில் எழுதினார்கள். எழுதியவர்கள் தமிழ் படித்தவர்கள்; ஐயம் வந்தால் கேட்டிருப்பார்கள். கருவி பெரும்பாலும் கேட்பதில்லை, தானே ஊகித்து எழுதிவிடுகிறது. அதனால்தான் இவற்றைச் சொல்கிறேன்.

1. முன்னும் பின்னுமாக வந்தாலும் தயங்காமல் பேசுங்கள். பேசும்போதே வரிசைப்படுத்தப் பார்த்தால் யோசனை அறுந்துபோகும். இங்கிலீஷ் கலந்தாலும் கவலை வேண்டாம். ஆனால் தொடக்கத்தில் தேதி, இடம், விஷயம் மூன்றையும் சொல்லிவிடுங்கள். "நேத்து", "அடுத்த வாரம்", "அவரு" என்பதெல்லாம் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே விளங்காது.

2. தொகையையும் பெயரையும் இருமுறை சொல்லுங்கள். "ரெண்டே கால் லட்சம், இல்ல இல்ல, ரெண்டரை" என்று சொன்னால், குறிப்பில் எது நிற்கும் என்று உறுதியில்லை. "திருத்தம்" என்று சொல்லிவிட்டு முழு வாக்கியத்தையும் மறுபடி சொல்லுங்கள்.

3. குரலை எழுத்தாக்குவது ஒரு வேலை, எழுத்தைக் குறிப்பாக்குவது வேறு வேலை. இடையில் நீங்கள் ஒருமுறை படித்தாக வேண்டும். ஓபன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட, குரலை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற கருவி 6,80,000 மணி நேர ஒலியைக் கொண்டு பயிற்றப்பட்டது, தமிழும் எழுதும். அப்படிப்பட்டதே, பதிவில் நீண்ட மௌனம் வந்தால் யாரும் பேசாத வாக்கியத்தை எழுதிவிடுவது உண்டு. யோசிக்க நேரம் வேண்டுமென்றால் பதிவை நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

4. நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். உங்கள் சந்தேகம் குறிப்பில் சந்தேகமாகவே நிற்க வேண்டும். அம்மாவின் உடல்நிலை பற்றி இப்படிப் பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "அந்த பிரஷர் மாத்திரைய நிறுத்தலாம்னு டாக்டர் சொன்னாராம், தம்பிதான் சொன்னான், ஒருக்கா கேக்கணும்." குறிப்பில் வந்து நிற்பது: "ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துமாறு மருத்துவர் கூறினார்." படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'நிறுத்தலாம்' உத்தரவாகிவிட்டது. 'சொன்னாராம்' என்பதில் இருந்த கேள்விப்பட்ட தன்மை போய்விட்டது. தம்பி காணவில்லை. கேட்க வேண்டும் என்ற வேலையும் காணவில்லை. இதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாக்கும்போது 'ஆம்', 'போல', 'ன்னு நினைக்கிறேன்' எல்லாம் முதலில் உதிர்ந்துவிடும். குறிப்பைச் சரிபார்க்கும்போது நடையைப் பார்க்காதீர்கள், இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

5. "சுருக்கிக் கொடு" என்று மட்டும் கேட்டால் போதாது. இப்படிக் கேளுங்கள்: "நான் சொல்லாத எதையும் சேர்க்காதே. திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் நீக்கு. முடிவானது, செய்ய வேண்டியது, இன்னும் யோசனையில் இருப்பது எனப் பிரி. யார் சொன்னார் என்பதை விடாதே. புரியாத இடத்தில் கேள்விக்குறி போடு." இதை ஒரு இடத்தில் சேமித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒட்டுங்கள். அப்படியும் தவறலாம், ஆனால் பெரும்பகுதி சரியாகும்.

6. அடுத்தவர் நோய், கடன், குடும்பச் சண்டை, ஆதார் எண் இவற்றை இணையச் சேவைகளிடம் சொல்லாதீர்கள். சொல்லியே ஆக வேண்டுமென்றால், விஸ்பரைச் சொந்தக் கணினியில் இறக்கி அங்கேயே இயக்கலாம். குரல் வெளியே போகாது. குறிப்பாக்கும் வேலையை மட்டும் நீங்களே கையால் செய்துகொள்ளுங்கள்.

7. குறிப்பு வந்துவிட்டது என்று குரல் பதிவை அழிக்காதீர்கள். தேதியைப் பெயராக வைத்துச் சேமியுங்கள்.

8. குறிப்பை அன்றிரவே படித்துத் திருத்துங்கள். நாள் தள்ளிப்போனால், எது நீங்கள் சொன்னது, எது கருவி சேர்த்தது என்று உங்களுக்கே பிரித்துப் பார்க்க வராது.