குறத்தி கற்பித்த விளம்பரக் கலை

தன்பால் உள்ள பண்டத்தின் இயல்பைப் பிறர்க்கு எடுத்துரைத்து, அதனை அவர் விரும்பி வாங்குமாறு செய்யும் உரையை நாம் விளம்பரம் என வழங்குகின்றோம். இச்செயல் மிகப் பழையது. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் அங்காடித் தெருக்களில் அசைந்த பலவகைக் கொடிகளைக் கூறுகின்றன. கள் விற்கும் மனை இதுவென எழுத்தறியாதானும் அறியுமாறு கொடி நின்று அழைத்தது. கொடி கண்ணுக்கு உரியது. செவிக்கு உரியது யாதெனின், தெருவிற் கூவி விற்பாரது குரல். இவ்விரண்டும் பொறியின் துணை பெற்று நெடுந்தொலைவு செல்லத் தொடங்கியதன் பயனே இன்றைய காணொளி விளம்பரமும் வானொலி விளம்பரமும்.

வரலாற்றைச் சுருங்கக் கூறுவல். சென்னையில் 1924-இல் ஒரு கழகத்தார் வானொலியை முயன்று பார்த்தனர். 1938-இல் அரசின் வானொலி நிலையம் அங்கே நிறுவப்பெற்றது. எனினும் வணிகர்க்கு அகில இந்திய வானொலியில் நெடுங்காலம் இடமில்லை. விவித பாரதியில் விளம்பரம் புகுந்தது 1967-இல். அதற்கு முன்னரே, 1950-இல் வணிக ஒலிபரப்பைத் தொடங்கிய இலங்கை வானொலி, கடல் கடந்து நம் தென்மாவட்டங்களிலும் கேட்டது. நம் பாட்டன்மார் பலர் விளம்பரப் பாட்டென்பதை முதன்முதற் கேட்டது அவ்வழியேதான். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தோன்றியது. மறு ஆண்டிலேயே தூரதர்ஷன் விளம்பரங்களை ஏற்றது. இன்றோ கைப்பேசி உடையான் ஒவ்வொருவனும் ஒரு நிலையத்தான்.

நிற்க. இக்கலையின் இலக்கணத்தை அயல்நாட்டு நூல்களிலே தேடுவார் பலர். தென்காசிக்கு அணித்தாகிய மேலகரத்திற் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் அதனைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வகுத்து வைத்துப் போயினார் என்று யான் கூறின், ஆசிரியர்கள் முறுவலிக்கக்கூடும். ஆயினும் திருக்குற்றாலக் குறவஞ்சியை அந்நோக்குடன் ஒருமுறை படித்துப் பார்க்குமாறு வேண்டுகின்றேன்.

குற்றாலநாதர் உலாப் போந்ததைக் கண்டு காதலுற்ற வசந்தவல்லி வருந்தியிருக்கும் வேளையிற் குறத்தி சிங்கி வருகின்றாள். வந்தவுடன் ‘குறி கேள், கூலி தா’ என்று அவள் தொடங்கவில்லை. தலைவியே வினவுகின்றாள்: உன் மலை எது? அம்மலையின் வளம் யாது? வினாவிற்கு விடையாகவே குறத்தி வாய் திறக்கின்றாள். கேளாதார் செவியிற் சொல்லைத் திணித்தல் வேறு, கேட்பாரது வினாவிற்கு விடை தருதல் வேறு. வானொலி எழுதுவோன் முதற்கண் கற்க வேண்டியது இதுவே என்பது என் துணிபு. ஒரு குரல் தானே தன்னைப் புகழ்ந்துகொண்டு போமாயின் கேட்பவன் பொத்தானைத் திருகிவிடுவான். ஒரு குரல் வினவ மற்றொரு குரல் விடை கூறின், அடுத்த வீட்டுப் பேச்சைக் கேட்கும் ஆவலொடு செவி சாய்ப்பான்.

இனி, அவள் விடை கூறும் திறம். ‘எம்மலை மிகச் சிறந்த மலை’ என்று வாளா சொல்லி நிறுத்தினாளோ? இல்லை. குரங்கு தன் துணைக்குப் பழம் ஊட்டுவதைக் காட்டுகின்றாள். அருவியின் திவலை மேலெழும்பிக் கதிரவனது தேரையே சறுக்கச் செய்வதைக் காட்டுகின்றாள். சிறப்பு என்னும் சொல் இல்லாமலே சிறப்பு விளங்குகின்றது. அதன்பின் தான் பிற இடங்களிற் குறி கூறிப் பெற்ற பரிசுகளை எடுத்துரைக்கின்றாள். இக்காலத்து வணிகர், வாங்கியவர் கூறும் சான்றுரைகளைக் காட்டுவதும் இதுவேயன்றோ? இறுதியில் அவள் கூறும் குறியோ, தலைவியின் உள்ளத்தில் முன்னரே இருந்த ஆசையே. இல்லாத ஆசையை அவள் புதிதாக ஊட்டவில்லை.

குறவஞ்சி செவிக்குரியதாயின், கண்ணுக்குரியதும் குற்றாலத்திலேயே உண்டு. கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் சித்திரசபை அங்கே உள்ளது. ஏனைய சபைகளைப் போலன்றி, ஈண்டு ஆடலே சுவரில் எழுதிய ஓவியமாக நிற்கின்றது. இயங்காத சுவரில் இயக்கத்தைக் காட்ட முயன்ற ஓவியனது இடர்ப்பாடும், ஒரு நிமிடக் காணொளியிற் கடை முழுவதையும் காட்ட முயல்வானது இடர்ப்பாடும் ஏறக்குறைய ஒன்றே. எதை விடுவது என்பதே இருவர்க்கும் வினா.

இவற்றையெல்லாம் யான் நூல்நிலையத்திலிருந்து ஆராய்ந்து கண்டேன் என்று எண்ணற்க. என் தாய்மாமன் குற்றாலத்தில் ஒரு சிறு கடை வைத்திருக்கின்றார். கிராம்பு, சாதிக்காய், மிளகு, தேன் ஆகியவை அவர் விற்கும் பண்டங்கள். (கிராம்பும் சாதிக்காயும் கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்திலேயே அங்கு நடப்பெற்றவை.) ஆனியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் வீசத் தொடங்கி ஆவணியில் ஓய்வதற்குள் ஓராண்டிற்குரிய வாணிகம் நடந்தாக வேண்டும். “மருமகனே, நீதான் தமிழ் படிக்கிறாயே, ரேடியோவுக்கு முப்பது விநாடி, போனுக்கு ஒரு நிமிட வீடியோ, எழுதித் தா” என்று அவர் கேட்டார். பெருமிதத்தோடு இசைந்தேன்.

அன்று யான் எழுதியதை இன்று நினைப்பினும் நாணம் மிகுகின்றது. குறத்தியின் உயர்வு நவிற்சியை அப்படியே கடன் வாங்கினேன். இத்தேன் நீரிழிவு முதலாக எந்நோயையும் நீக்கும் என்றேன். ஐந்தருவி பொங்கி வீழும் பழைய படமொன்றை எடுத்துக் காணொளியின் முகப்பில் வைத்தேன். அந்நாளில் அங்கே நூல்போலத்தான் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வானொலிக்குரியதை அனுப்புமுன் காணொளி கைப்பேசிகளிற் பரவிவிட்டது. நான்காம் நாள், நீரிழிவு உடைய முதியவள் ஒருத்தி மகனோடு கடைக்கு வந்து, “மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாமா?” என்று கேட்டாள். மாமன் என்னை ஒருமுறை நோக்கினார். பின்பு புட்டியை அவள் கையினின்று வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, “மாத்திரையை நிறுத்தாதீங்க தாயி. இது சர்க்கரைக்கு ஆகாது” என்றார். அன்று அந்த விற்பனை போயிற்று. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதுவே பெருந்துன்பமாயிற்று.

பின்னரே சட்டத்தைப் படித்தேன். நோய் தீர்ப்பதாகக் கூறும் விளம்பரங்களை அடக்கும் சட்டம் 1954-இலேயே இயற்றப்பட்டது. அதன் அட்டவணையில் நீரிழிவும் உள்ளது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மயக்கும் விளம்பரத்திற்கு முதன்முறை 10 இலட்ச ரூபாய் வரை தண்டம் விதிக்கலாகும். ஆனால் என்னை உறுத்தியது தண்டம் அன்று. குறத்தி கதிரவன் தேர் சறுக்கும் என்றபோது, கேட்டவர் எவரும் அதனை மெய்யெனக் கொண்டு மாத்திரையை நிறுத்தவில்லை. கூறுவோனும் கேட்போனும் மிகை என்று ஒருங்கே அறிந்தவழி அஃது அணி. ஒருவன் மட்டும் அறிந்தவழி அது பொய். தண்டியலங்காரம் பொருளணிகளுள் தன்மையணியை முதற்கண் வைத்ததன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது போலும்.

மீண்டும் எழுதினேன். கடிகாரத்தை முன் வைத்து நிதானமாக வாசித்தால் முப்பது நொடியில் ஐம்பத்தைந்து சொற்களுக்குமேல் அடங்கவில்லை. செவிக்கு எழுதுவோன் கதவிலக்கத்தையும் பத்திலக்கத் தொலைபேசி எண்ணையும் சொல்லிப் பயனில்லை. ‘பேரருவிக்குப் போகும் வழியில், தேர் நிற்கும் மூலைக்கு எதிரே’ என்றால் நெஞ்சில் நிற்கும். தாளில் அழகாகத் தோன்றும் நெடுந்தொடர் வாயில் மூச்சு முட்டும். கவிதையை வாய்விட்டுப் படித்தே சுவைக்க வேண்டும் என்று தென்காசியைச் சேர்ந்த இரசிகமணி டி. கே. சி. வற்புறுத்தினார், அவ்வறிவுரை விளம்பரம் எழுதுவோர்க்கும் உரியது. காணொளிக்கோ தாளை இரு பத்தியாகப் பிரித்து, கண்ணுக்குரியதை இடத்தும் செவிக்குரியதை வலத்தும் எழுதினேன். இடப்பத்தியில் உள்ளதை வலப்பத்தியிற் கண்டவிடமெல்லாம் அடித்துவிட்டேன். தராசிற் கிராம்பு விழுவதைக் காட்டிக்கொண்டே ‘இதோ கிராம்பு’ என்பது எதற்கு? பேருந்தில் ஒலியின்றிப் பார்ப்பாரும் பலராதலின், விலையை மட்டும் எழுத்தாகப் பொறித்தேன்.

வானொலிக்கு எழுதியது வருமாறு. பேச்சு வழக்கை ஆண்டமைக்குப் பொறுத்தருள்க.

(தகரக் கூரையிற் சாரல் விழும் ஓசை.)
பெண்: என்ன அண்ணாச்சி, கிராம்பு இவ்வளவு காரமா இருக்கு?
கடைக்காரர்: இந்த வருஷம் காய வச்சது தாயி. ஒண்ணு வாயில போட்டுப் பாருங்க, பிடிச்சா வாங்குங்க.
பெண்: குற்றாலத் தேன் மருந்தாமே?
கடைக்காரர்: மருந்துக்கு டாக்டர் இருக்காரு தாயி. இது பிள்ளைக தோசைக்குத் தொட்டுக்கிட!

இதனை மாமனிடம் வாசித்துக் காட்டினேன். நகைத்தார், மறுபடியும் வாசிக்கச் சொன்னார். பின்பு, “தேன் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வருகிறது, ‘குற்றாலத்’ என்பதை எடுத்துவிடு” என்றார். அச்சொல்லை அடித்தேன். ஒரு நொடி மிஞ்சியது. அதனைச் சாரலின் ஓசைக்கே விட்டுவிட்டோம்.