மூட்டு வலியும் மூலிகை டப்பாவும்

நாற்று நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுதும் குனிந்தும், பால் கறக்கையில் குந்தியும், தலைச்சுமையுடன் வரப்பில் நடந்தும் வாழ்ந்தவர்களின் முழங்கால்கள் ஐம்பது வயதிற்குமேல் தேய்வதில் வியப்பில்லை. வலி கண்டவர் நிவாரணம் தேடுவதும் இயல்பே. இவ்வியல்பைப் பற்றுக்கோடாகக் கொண்டு பெரியதொரு வாணிபம் கிராமங்களில் நடைபெறுகிறது. "முற்றிலும் மூலிகை, பக்க விளைவு அறவே இல்லை, தொண்ணூறு நாட்களில் தேய்ந்த மூட்டு வளரும்" என்று அச்சிட்ட டப்பாக்கள் வாரச் சந்தையிலும், வேன்களிலும், கைப்பேசி விளம்பரங்கள் வாயிலாகவும் விற்கப்படுகின்றன. அத்தகைய டப்பாவை வாங்குமுன் ஒரு விவசாயி கேட்டறிய வேண்டியவை யாவை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதை எழுதத் தூண்டியது என்னுடைய தவறு ஒன்றாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபார நிறுவனத்தின் ஆட்கள் ஒன்றிய அலுவலகத்திற்கு வந்து, "இலவச மூட்டுவலி முகாம்" நடத்த ஒரு கிராமத்துச் சமுதாயக் கூடத்தைக் கேட்டனர். இலவசம் என்ற சொல்லைக் கண்டு, மேலே ஒன்றும் விசாரியாமல், பரிந்துரைக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். முகாமில் சோதனைதான் இலவசம். ஏதோ ஒரு கருவியைக் கையில் பிடிக்கச் செய்து, வந்தவர் அனைவருக்கும் மூட்டுத் தேய்மானம் என்று கூறி, டப்பா ஒன்று 1,800 ரூபாய் வீதம் விற்றுச் சென்றனர். நூறு நாள் வேலையில் பெற்ற கூலியைச் சேர்த்து வைத்திருந்த ஓர் அம்மையார் இரண்டு டப்பாக்கள் வாங்கினார். அடுத்த வாரம் குடிநீர்த் தொட்டி பார்வைக்காக நான் அங்கே சென்றபோது அவரே எதிரில் வந்து, "மூணாம் நாளே படியேறினேனுங்க ஐயா, உங்க புண்ணியம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

இரண்டு மாதங்களில் அவருடைய முகம் உருண்டையாக வீங்கிற்று. பசி மிகுந்தது, தாகம் மிகுந்தது. முன்பு இல்லாத சர்க்கரை நோய் கண்டது. மருந்து தீர்ந்து, மீண்டும் வாங்கப் பணமின்றி ஒரே நாளில் நிறுத்திய பிறகு, வாந்தியும் மயக்கமுமாக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். உயிர் பிழைத்தார். "மூலிகை மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்ததற்கான அடையாளங்கள் அனைத்தும் இருக்கின்றன; டப்பாவைக் கொண்டு வாருங்கள்" என்றார் டாக்டர். டப்பாவோ அடுப்பில் எரிந்துவிட்டது. ரசீது கொடுக்கப்படவே இல்லை. முகவரியில் விசாரித்தபோது அங்கே அப்படியொரு நிறுவனம் இல்லை. எனவே அதில் என்ன இருந்தது என்பதை இன்றுவரை யாரும் மெய்ப்பிக்க இயலவில்லை.

இவ்விடத்தில் ஸ்டீராய்டு என்பதைச் சற்று விளக்க வேண்டும். நம் சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் உடலுக்கு வேண்டிய ஒரு வகை ஸ்டீராய்டைத் தாமே நாள்தோறும் சுரக்கின்றன. அதையொத்த மருந்துகள் வீக்கத்தையும் வலியையும் மிக விரைவில் அடக்குவன. தக்க நோய்க்கு, தக்க அளவில், டாக்டர் கொடுக்கும்போது அவை உயிர்காக்கும் மருந்துகளே. ஆனால் அறியாமல் வாரக்கணக்கில் உண்டால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும், நோய்த்தொற்றை எதிர்க்கும் ஆற்றல் குறையும். வெளியிலிருந்து வருவது போதுமென்று சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். அந்நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்தினால் உடல் தாங்காது. ஐயுறத்தக்க டப்பாவைச் சில வாரங்கள் உண்டுவிட்டவர், பயந்து அன்றே குப்பையில் எறிந்துவிடாமல், அதனுடன் டாக்டரிடம் செல்ல வேண்டும் என்று வற்புறுத்துவது இதனாலேயே. படிப்படியாகக் குறைக்க வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த கேடு அன்று. ஆர்ட்ரி கிங் என்னும் பெயரால் மூட்டு வலிக்கென விற்கப்பட்ட துணை உணவு மாத்திரைகளை அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 2022-இல் சோதித்தது. மேலட்டையில் குறிப்பிடாத டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணியும், டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் அவற்றில் இருக்கக் கண்டு பொதுமக்களை எச்சரித்தது. சட்டமும் சோதனைச்சாலையும் மிகுந்த நாட்டிலேயே இது நடந்தது. டைக்ளோஃபெனாக் நம் கால்நடை வளர்ப்போருக்குப் பழகிய பெயர்தான். அம்மருந்து ஏற்றிய மாடுகளின் சடலங்களை உண்டு பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தமையால், கால்நடைகளுக்கென அதைத் தயாரிப்பது 2006-இல் இந்தியாவில் தடுக்கப்பட்டது. மனிதருக்கு டாக்டர் சீட்டின்பேரில் கொடுக்கலாம். ஆயினும் குடற்புண் உடையவரும் சிறுநீரகம் பழுதுற்றவரும் அறியாமல் உண்ணத்தக்கது அன்று.

எல்லா டப்பாவிலும் கலப்படம் உண்டு என்று நான் கூறவில்லை. பலவற்றில் உண்மையாகவே மூலிகைப் பொடிதான் இருக்கும். ஆனால் வலி குறைந்தது அப்பொடியினால்தானா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

புதிய உரம் ஒன்றைச் சோதிக்கும்போது வேளாண்மை அலுவலர் என்ன செய்கிறார்? ஒரு பாத்தியில் உரமிடுகிறார். அருகில் ஒரு பாத்தியை உரமிடாமல் விடுகிறார். நல்ல மழை பெய்த ஆண்டில் உரமிட்ட பாத்தி மட்டுமா செழிக்கும்? உரமிடாததும் செழிக்கும். இரண்டிற்கும் உள்ள வேற்றுமையே உரத்தின் பயன். மூட்டு வலியும் மழையைப் போன்றதே. சில மாதங்கள் ஏறும், சில மாதங்கள் தானே இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் மருந்து வாங்குகிறான். அதன்பின் இறங்குவதை மருந்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறான். 2006-இல் தமிழகத்தின் பல மாவட்டங்களில் சிக்கன்குனியா பரவியபோது மூட்டுகள் முடங்கிக் கிடந்தவர் பலர். அவர்களுள் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி தானே தணிந்தது. இடையில் யார் எதைக் கொடுத்தாரோ அவருக்குப் பெயர் வந்தது.

உரமிடாத பாத்தியை வைத்து மனிதரிடமும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அரசின் பொருளுதவியுடன் நடந்து 2006-இல் வெளியான ஆராய்ச்சியில் முழங்கால் வலியுடைய 1,583 பேர் கலந்துகொண்டனர். குளுக்கோசமின், காண்ட்ராய்ட்டின் ஆகிய புகழ்பெற்ற துணைப்பொருள்கள் சிலருக்கும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சிலருக்கும், யாருக்கு எது என்பது தெரியாதவாறு 24 வாரங்கள் கொடுக்கப்பட்டன. வெற்று மாத்திரை உண்டவர்களுள் 100-க்கு 60 பேருக்கு வலி ஐந்தில் ஒரு பங்கேனும் குறைந்தது! குளுக்கோசமின் உண்டவர்களுள் 64 பேருக்குக் குறைந்தது. இச்சிறு வேற்றுமை தற்செயலாகவும் நேரக்கூடியது என்பதால், மொத்தத்தில் பயன் மெய்ப்பிக்கப்படவில்லை என்றே முடிவு கூறினர். அக்கம்பக்கத்தார் அறுபது பேர் சாட்சி சொன்னாலும் அது மருந்துக்குச் சான்றாகாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. இடையில் ஒரு செய்தி: குளுக்கோசமின் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்தும், காண்ட்ராய்ட்டின் விலங்குகளின் குருத்தெலும்பிலிருந்தும் எடுக்கப்படுவன. "மூலிகை" என்ற பெயரில் இவற்றைச் சேர்த்து விற்பதும் உண்டு. மரக்கறி உண்போர் உட்பொருள் பட்டியலைப் பார்ப்பது நன்று.

நம் மூலிகைகளில் ஒன்றுமே இல்லையா எனச் சிலர் வருந்துவர். அப்படியன்று. சல்லகி என்னும் சாம்பிராணி வகை மரத்தின் பிசின் முழங்கால் வலியைச் சற்றே குறைப்பதாகச் சில சோதனைகள் காட்டியுள்ளன. மஞ்சளிலுள்ள குர்குமின் பற்றியும் அவ்வாறே சிறு சோதனைகள் உண்டு. ஆனால் சற்றே வலி குறைவது வேறு, தேய்ந்த குருத்தெலும்பு வளர்வது வேறு. இரண்டாவதைச் செய்வதாக மெய்ப்பிக்கப்பட்ட துணை உணவு எதுவுமில்லை. முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசை வார்ப்பது நம் வீடுகளின் பழக்கம். என் இல்லத்திலும் உண்டு. அது உணவு. விருப்பமுடையோர் உண்ணலாம். அதைப் பொடியாக்கி உறையிலிட்டு ஆயிரம் ரூபாய்க்கு விற்பவரிடந்தான் சான்று கேட்க வேண்டும்.

உணவில் சேர்ப்பதும் உறையிலிட்டு விழுங்குவதும் ஒன்றல்ல என்பதற்கு மஞ்சளே தக்க உதாரணம். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 100-க்கு 3 பங்குதான். செறிவூட்டிய மாத்திரைகள் இரண்டில் இருப்பது 30 கிராம் மஞ்சள்தூளில் இருப்பதற்கு இணையாகலாம். எந்தக் குழம்பிலும் நாம் அவ்வளவு இடுவதில்லை. அதனுடன் மிளகுச் சத்தையும் சேர்க்கிறார்கள். மிளகிலுள்ள பைப்பரின், குர்குமின் இரத்தத்தில் சேர்வதை 20 மடங்கு உயர்த்துவதாகப் பெங்களூர் மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சி 1998-இல் கூறிற்று. இத்தகைய மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பழுதுற்ற பத்துப் பேரைப் பற்றி 2022-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். அவர்களுள் ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். ஆஸ்திரேலிய அரசின் மருந்துத் துறையும் 2023-இல் எச்சரிக்கை விடுத்தது. இக்கேடு அரிதானதே. எனினும் "பக்க விளைவு அறவே இல்லை" என்னும் சொற்கள் பொய் என்பதற்கு இது போதும். செடியிலிருந்து வந்தது தீங்கு செய்யாது என்று சொல்பவரிடம் எட்டிக்கொட்டையையும் அரளி விதையையும் காட்டலாம். சேராங்கொட்டைப் பால் பட்டுக் கொப்புளம் கண்டவர் எந்த ஊரிலும் இருப்பார். சித்த மருத்துவர்கள் அதைச் சுத்திசெய்த பின்னரே மருந்தாக்குகிறார்கள். சுத்தி அறியாதவன் கையில் அது விஷம்.

சட்டம் என்ன கூறுகிறது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். 1954ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் மூட்டுவாதமும் ஒன்று. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை அச்சட்டம் தடுக்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிப்போர் உரிமம் பெற வேண்டும். உரிம எண், உட்பொருள்கள், அவற்றின் அளவு, தயாரிப்பாளர் முகவரி, காலாவதி நாள் ஆகியவை டப்பாவில் இருத்தல் வேண்டும். சிலர் மருந்து உரிமம் பெறாமல், 14 இலக்கமுள்ள உணவு உரிம எண்ணை மட்டும் அச்சிட்டுத் "துணை உணவு" என்று விற்பர். அத்தகைய டப்பாவில் "மருத்துவப் பயன்பாட்டிற்கன்று" என்னும் பொருள்பட ஒரு வரி சிற்றெழுத்தில் இருக்கக் காணலாம். முகப்பில் மூட்டு வலி தீரும் என்றும், முதுகில் இது மருந்தன்று என்றும் ஒரே டப்பா பேசுகிறது. சான்று விதை வாங்கும்போது நீல நிற அட்டையைப் புரட்டி முளைப்புத்திறனும் காலாவதி நாளும் பார்க்கிறோம். நெல்லென்றால் 80 சதம் இருக்கிறதா என்று கேட்கிறோம். நிலத்திற்குக் காட்டும் கவனத்தை வயிற்றுக்குக் காட்ட அரை நிமிடம் போதும்.

வலியுடையவர் என்னதான் செய்வது? முதலில் எந்த வலி என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் கைவிரல் மூட்டுகள் வீங்கி அரைமணி, ஒரு மணி நேரம் மடக்க இயலாமல் இருப்பின் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு உரிய மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் மூட்டு கெடாமல் காக்கலாம். டப்பாக்களில் ஓராண்டைக் கழித்தவர் அவ்வாய்ப்பை இழக்கிறார். பணத்தை இழப்பதைக் காட்டிலும் இது பெரிய நஷ்டம். வெறும் தேய்மானமாயின் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியே முதன்மையான சிகிச்சை. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். காலுக்குப் பத்துமுறை, காலையும் மாலையும். இதற்குக் காசு இல்லை. அதனால்தானோ என்னவோ விளம்பரமும் இல்லை. பருமனானவர் உடல் எடையில் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பளு நான்கு கிலோ குறைவதாக 2005-இல் ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டுள்ளது. வலியில்லாத பக்கத்துக் கையில் தடி, வெந்நீர் ஒற்றடம், குந்தியிருப்பதைக் குறைத்தல் ஆகியவை உதவும். மாத்திரை தேவையெனில் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் கொடுப்பார். சித்த மருத்துவமே விரும்புவோர் அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவரைப் பார்க்கலாம். எதை உண்டாலும் இன்னது உண்கிறேன் என்று இரு மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

மேற்சொன்ன அம்மையார் இப்போது தடி ஊன்றி நடக்கிறார், பயிற்சியும் செய்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை உண்கிறார். என்னைக் கண்டால் முன்போலவே கும்பிடுகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதன்பின் எங்கள் ஒன்றியத்தில் ஒரு வழக்கம் ஏற்படுத்தியுள்ளோம். மருத்துவ முகாம் என்று யார் கூடம் கேட்டாலும், முகாமில் எதுவும் விற்பதில்லை என்ற எழுத்துமூல உறுதியும், நடத்தும் மருத்துவரின் பதிவு எண்ணும், வட்டார மருத்துவ அலுவலரின் கையொப்பமும் வேண்டும். இம்மூன்றையும் கேட்ட மாத்திரத்தில் இருவர் எழுந்து சென்றுவிட்டனர். ஊராட்சி உறுப்பினர்கள் தங்கள் ஊரிலும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி வைக்கலாம். முன்னரே வாங்கிவிட்டவர்கள் டப்பாவையும் ரசீதையும் எறியாமல் வைத்திருத்தல் வேண்டும். மருந்தென்று விற்றதாயின் மருந்து ஆய்வாளருக்கோ மாவட்டச் சித்த மருத்துவ அலுவலருக்கோ, உணவென்று விற்றதாயின் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திற்கோ எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரில் வாங்கிய நாள், இடம், விலை, டப்பாவிலுள்ள தொகுதி எண் ஆகியவற்றைத் தவறாது குறிப்பிடுக.